ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று தாதாசாகேப் பால்கேயை நாடறியும். ஆனால் 1913-ஆம் ஆண்டு பம்பாயில் 'ராஜா ஹரிச்சந்திரா'வைத் திரையிடுவதற்கு முன்னால், பணம் போடத் தயங்கியவர்களுக்கு இந்தப் புதிய வித்தையில் தமக்குள்ள தேர்ச்சியை நிரூபிக்கும் பொருட்டு அவர் எடுத்துக் காட்டிய சின்னஞ்சிறு படம் எது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, லண்டனிலிருந்து தருவித்த வில்லியம்சன் காமிராவை அதன் எதிரே அசையாமல் நிறுத்தி, ஒரு மாதத்துக்கு மேலாக அதன் வளர்ச்சியைச் சிறுகச் சிறுகப் படமெடுத்துவந்தார் அவர். அந்தப் படங்களை ஒன்றாகக் கோத்து ஓட்டியபோது விதை வெடித்ததும், முளை தலை நீட்டியதும், செடி கிளைத்து வளர்ந்ததும் ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலான நேரத்துக்குள் கண்ணெதிரே நிகழ்ந்தன. பார்த்தவர்கள் பிரமித்தார்கள், பணமும் கிடைத்தது. 1915-இல் அதே பால்கே தீக்குச்சிகளையே நடிகர்களாகக் கொண்டு, ஒவ்வொரு குச்சியையும் கையால் நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து, 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' என்ற குறும்படத்தைச் செய்தார். இன்று உலகம் ஸ்டாப் மோஷன் என்று அழைக்கும் இந்தக் கலை நம் தேசத்துச் சினிமாவின் தொட்டிலிலேயே இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

பால்கே எடுத்த கடைசி மௌனப்படம் 1932-இல் வந்த 'சேது பந்தன்'. ராமன் இலங்கைக்கு அணை கட்டிய கதை. அந்தச் சேதுவைத் தென்னெல்லையாகக் கொண்ட பாக் நீரிணையின் கரையில், புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி வட்டத்தில், கோட்டைப்பட்டினத்துக்கு அண்டை ஊராக இருக்கிறது ஜெகதாப்பட்டினம். விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் நிறைந்த மீன்பிடி ஊர் அது. கடலுக்குச் சென்றவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது என்ற செய்தியோடு மட்டுமே அதன் பெயரைப் பத்திரிகைகளில் வாசித்துப் பழகிவிட்டோம். அந்த ஊரிலே இதுவரை யாரேனும் பொம்மைப் படம் எடுத்தார்களா என்பதை ஆராய இக்கட்டுரை எழுதப்படவில்லை. எடுப்பதற்கு வேண்டிய கையும் கண்ணும் காலமும் விஷயமும் அங்கே பூரணமாக இருக்கின்றன, ஆகையால் எடுக்கவேண்டும் என்று வாதாடவே எழுதப்படுகிறது.

அசைவின் கணக்கு

இக்கலையின் அடிப்படை எளியது. திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. உயிருள்ள நடிகன் நடந்தால் அந்த 24-ஐயும் காமிரா தானே பிடித்துக்கொள்ளும். பொம்மை நடக்கவேண்டுமானால், கலைஞன் அதன் காலை ஒரு நெல்லளவு நகர்த்தி, தன் கையை விலக்கிக்கொண்டு ஒரு படம் எடுத்து, மறுபடி நெல்லளவு நகர்த்தி இன்னொரு படம் எடுத்து, இப்படியே விடாப்பிடியாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை பதிவு செய்து, வினாடிக்கு 12 நிலைகளோடு திருப்தி அடையும் வழக்கமும் உண்டு. அப்போதும் ஒரு நிமிஷப் படத்துக்கு 720 நிலைகள் ஆகின்றன. பெரிய ஸ்டூடியோக்களில் கை தேர்ந்த ஒருவர் காலை முதல் மாலை வரை உழைத்து முடிப்பது சில வினாடி ஓடும் படம்தான்.

லித்துவேனியாவின் காவ்னாஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் பணியாற்றிய லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் என்பவர் கொம்பு வண்டுகள் ஒன்றோடொன்று பொருதுவதைப் படம்பிடிக்க முயன்றார். இரவில் நடமாடும் அப்பிராணிகள் விளக்கைப் போட்டவுடன் அடங்கிப் போயின. அவர் சளைக்கவில்லை. இறந்த வண்டுகளின் கால்களை மெழுகாலும் கம்பியாலும் மீண்டும் பொருத்தி, ஒவ்வொரு படமாக அசைத்து அந்தச் சண்டையைத் தாமே சிருஷ்டித்தார். 1912-இல் அவர் வெளியிட்ட 'காமிராக்காரனின் பழிவாங்கல்' என்ற படத்தில் வண்டுகள் காதலிக்கின்றன, துரோகம் செய்கின்றன, சினிமாவுக்குக்கூடப் போகின்றன. பூச்சிகளைப் பழக்கி நடிக்கவைத்திருக்கிறார் என்றே அந்நாளில் பலர் நம்பினார்களாம்.

1933-இல் உலகைக் கலக்கிய 'கிங் காங்'கின் ராட்சசக் குரங்கும் பெரும்பாலான காட்சிகளில் ஏறக்குறைய 18 அங்குல உயரமுள்ள ஒரு பொம்மையே. மார்செல் டெல்காடோ உலோக எலும்புக்கூட்டின்மேல் முயல்தோல் போர்த்தி அதைச் செய்துகொடுக்க, வில்லிஸ் ஓ'பிரையன் அதை அசைத்தார். ஒவ்வொரு முறை தொடும்போதும் விரல் பட்ட இடத்தில் ரோமம் கலைந்தது; படம் ஓடும்போது அந்தக் கலைவு தோலெங்கும் அலையலையாகத் தெரிந்தது. கைத்தடம் தெரிந்துவிட்டதே என்று செய்தவர்கள் அஞ்ச, பார்த்தவர்களோ கோபத்தில் மயிர் சிலிர்க்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். அந்தத் தடத்தை நான் குறையாகக் கருதமாட்டேன். கம்ப்யூட்டரால் எதையும் வரைந்துவிடலாம் என்ற இந்நாளிலும் மண்ணும் துணியும் கம்பியும் கொண்டு செய்த படத்தை ஜனங்கள் தேடிப் போய்ப் பார்ப்பதற்குக் காரணம், ஒரு மனிதன் அதைத் தொட்டிருக்கிறான் என்பது பார்வையாளனுக்குத் தன்னையறியாமலே புலப்படுவதுதான்.

நம்மிடம் இருந்தது

தமிழருக்குப் பொம்மையை அசைப்பது அந்நியக் கலை அன்று. கும்பகோண வட்டாரத்துப் பொம்மலாட்டக்காரர்கள் கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் பொம்மை கடைந்து, அதன் உடலைத் தாங்கும் கயிறுகளைத் தம் தலையில் அணிந்த வளையத்திலே கட்டிக்கொண்டு, கைகளை மட்டும் கம்பிகளால் இயக்குவார்கள். ஆட்டுவிப்பவர் தலை சாய்த்தால் பொம்மை சாயும். அவர் காலெடுத்து வைத்தால் அதுவும் அடியெடுத்து வைக்கும். தோளில் எத்தனை தளர்ச்சி, முழங்கையில் எத்தனை இறுக்கம், கழுத்து எவ்வளவு திரும்பினால் நாணம், எவ்வளவு திரும்பினால் அலட்சியம் என்ற நுட்பங்களையெல்லாம் அவர்கள் பரம்பரையாக அறிந்திருக்கிறார்கள். ஸ்டாப் மோஷன் பொம்மைக்கு வேண்டிய ஞானமும் சாராம்சத்தில் இதுவேதான்.

சிறு உருவங்களைக் கொண்டு பெரிய உலகத்தைக் காட்டுவதிலும் சென்னை ஸ்டூடியோக்கள் ஒரு காலத்தில் எவருக்கும் பின்வாங்கியதில்லை. 1957-இல் விஜயா நிறுவனம் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த 'மாயா பஜார்' படத்திலே நாம் காணும் துவாரகாபுரி, 50 அடிக்கு 60 அடி பரப்பில் 300 குட்டி வீடுகளை அடுக்கி, வீட்டுக்கு வீடு மின்விளக்கு வைத்து நிர்மாணித்த நகரம். கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் அதைச் சமைக்க, மார்கஸ் பார்ட்லி தம் காமிராவால் அதற்குத் தூரத்தையும் நிலவையும் வழங்கினார். அந்தப் படத்தின் தமிழ்ப் பதிப்பில் அபிமன்யுவாக வந்த ஜெமினி கணேசன் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பதை இந்த மாவட்டத்துக்காரன் என்ற பெருமையோடு இங்கே சேர்த்துக்கொள்கிறேன். அதற்கும் பத்தாண்டு முன்னரே, 1947-இல், ஜெமினி ஸ்டூடியோ 'சினிமா கதம்பம்' என்ற சித்திரப் படத்தை வெளியிட்டிருக்கிறது. ஆக, ஆர்வமும் இருந்தது, கைத்திறனும் இருந்தது. ஆனால் நம் திரைப்படம் சிற்றுருவங்களைக் கதாநாயகனுக்குப் பின்னால் நிற்கும் நகரமாகவும், புயலில் கவிழும் கப்பலாகவும் மட்டுமே கையாண்டது. அவற்றையே பாத்திரங்களாக்கி, அவற்றுக்கே சுகதுக்கங்களைக் கொடுத்து ஒரு தனி மரபை வளர்க்கவில்லை. கம்ப்யூட்டர் வந்ததும் மினியேச்சர் செய்த கைகளும் வேறு வேலைக்குப் போயின. இது நஷ்டம் என்றே சொல்லவேண்டும்.

நம் நாட்டில் அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய முயல்பவர்களில் முக்கியமானவர் கேரளத்தைச் சேர்ந்த சுரேஷ் எரியாட். மும்பையில் 'ஈக்சாரஸ்' என்ற ஸ்டூடியோவை நடத்திவரும் அவர் களிமண் பொம்மைகளைக் கொண்டு 'டோக்ரி' என்ற குறும்படத்தை ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கினார். தகப்பனின் கடிகாரத்தைக் கைதவறி உடைத்துவிட்ட ஒரு சிறுமி, அதைப் பழுதுபார்க்கும் காசுக்காகத் தெருவில் கூடை விற்கப் போகிறாள், கதை அவ்வளவே. ஆனால் மும்பையின் சந்தடியையும், அதில் ஒருவர் கண்ணுக்கும் படாமல் நிற்கும் அந்தக் குழந்தையையும் மேசையளவு இடத்தில் பார்க்கும்போது, நிஜமான தெருவில் நாம் காணாமல் கடந்துபோன முகங்களெல்லாம் நினைவுக்கு வருகின்றன. 65-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான பரிசைப் பெற்ற படங்களில் அதுவும் ஒன்று. அதற்கு முன்பே அதே ஸ்டூடியோ, ஆட்டோ ரிக்‌ஷா ஓட்ட ஆசைப்படும் ஒரு மீன்காரப் பெண்மணியைப் பற்றி எடுத்த வேறொரு அனிமேஷன் படமும் தேசிய விருது பெற்றிருக்கிறது. மீன் விற்கும் பெண்ணின் ஆசை ஒரு படத்துக்குப் போதுமான விஷயம் என்று மும்பையில் ஒருவருக்குத் தோன்றியிருக்க, கரையிலேயே வாழும் நமக்கு ஏன் தோன்றக்கூடாது?

மேசைமேல் ஒரு கடல்

ஜெகதாப்பட்டினத்துப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து, நாட்டுப்படகில் இருவர் கையால் வலை இழுக்கும் காட்சியைப் படமாக்கப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அளவு. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று தீர்மானித்துவிட்டால் கணக்குக் குழப்பமில்லை: 30 அடிப் படகு 30 அங்குலமாகும், ஐந்தரை அடி மனிதன் ஐந்தரை அங்குலமாவான். படகைச் செய்வதற்குப் புத்தகம் தேவையில்லை. அணியம் எங்கே உயரவேண்டும், பின்பக்கம் எங்கே அகலவேண்டும் என்பதைக் கரையில் ஏற்றிவைத்த படகுகளைப் பார்த்தே வளர்ந்த கண்கள் அவை. சந்தேகம் வந்தால் பழுது பார்க்கும் தச்சரைக் கேட்டால் போதும்.

வலையில்தான் முதல் சோதனை. நிஜ வலையில் ஒரு துண்டை வெட்டிப் போட்டால், ஐந்தரை அங்குல மனிதன் கையில் அதன் நூல் கயிறாகத் தோன்றி, இது விளையாட்டுப் பொருள் என்று காட்டிக்கொடுத்துவிடும். கொசுவலைத் துணியைச் சாயத்தில் தோய்த்து, ஓரத்தில் தையல் நூலை முறுக்கிக் கயிறாக வைத்தால் அளவு சரியாக அமையும். படகின் கயிறு, நங்கூரம், மிதவை, ஐஸ் பெட்டி எதுவாயினும் இந்த ஒரு விதியே: பொருளின் பருமன் உடம்பின் பருமனோடு ஒத்துப்போக வேண்டும்.

மனிதனுக்கு எலும்பு அலுமினியக் கம்பி. இரண்டு இழையை முறுக்கிக் கைகால் செய்து, மார்புக்கும் இடுப்புக்கும் மரத்துண்டு வைத்துக் கட்டவேண்டும். மேலே பஞ்சு சுற்றிச் சட்டையும் கைலியும் தைத்துப் போடலாம். முழு உடலையும் களிமண்ணில் செய்வது மேனாட்டுக் குளிருக்குச் சரி. சித்திரை வெயிலில் எண்ணெய்க் களிமண் இளகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகையால் முகத்தை மரத்தில் செதுக்கிவிட்டு, புருவத்தையும் வாயையும் மட்டும் களிமண்ணில் வைத்து மாற்றிக்கொள்வது உசிதம். பாதம் தரையில் நிற்கவேண்டும். அதற்குப் பாதத்திலிருந்து ஒரு சிறு ஆணி படகின் பலகைக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

கடலை என்ன செய்வது? தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் படகை மிதக்கவிடலாமே என்று எவருக்கும் தோன்றும். ஆனால் படகு சிறுத்தது என்பதற்காகத் தண்ணீர்த் துளி சிறுப்பதில்லை; அலையும் நம் சௌகரியத்துக்காக மெள்ள விழுவதில்லை. பழைய சினிமாக்காரர்கள் மினியேச்சர் கப்பலைத் தண்ணீரில் விட்டபோது காமிராவை மிக வேகமாக ஓட்டி அந்தக் குறையை மறைத்தார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுக்குச் சுமார் மூன்றரை மடங்கு வேகம் வேண்டும். ஒவ்வொரு படமாக நிறுத்தி எடுக்கும் நம் வேலைக்கு ஓடும் தண்ணீர் எவ்வகையிலும் உதவாது. பிரிட்டனின் ஆர்ட்மன் ஸ்டூடியோகூட 2012-இல் கடற்கொள்ளையர் கதையை எடுத்தபோது கப்பலைக் கையால் செய்துவிட்டுக் கடலைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது. ஆனால் நம் பிள்ளைகளின் கடல் பாக் நீரிணை. ஆழம் குறைந்தது, பெரும்பாலான மாதங்களில் சாந்தமானது, மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இதைப் பெண் கடல் என்றும் சொல்வது இந்தக் கரைகளின் வழக்கு. நீலப் பாலிதீன் விரிப்பின் அடியில் நாலைந்து உருளைக் குச்சிகளைக் குறுக்கே கிடத்தி, படத்துக்குப் படம் அவற்றைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே போனால், மேலே உள்ள விரிப்பு மேடு பள்ளமாக நகரும். விளக்கு பட்டு மினுங்கும். விடியற்காலத்துப் பெண் கடலுக்கு அது போதும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சூரியன் நகர்வதால் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நிழல் தாவித் தாவிச் செல்லும். ஆகையால் அறையை முற்றிலும் இருட்டாக்கி ஓர் எல்.இ.டி. விளக்கை மட்டுமே நம்பவேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் திரை மினுக்கும். வெள்ளைச் சட்டை அணிந்தவன் குனிந்து நிமிர்ந்தால் அதன் பிரதிபலிப்புப் படகின்மேல் விழும். கருநிறச் சட்டையே போட்டுக்கொள்ள வேண்டும். காமிராவுக்குக் கைப்பேசி போதுமானது. முந்தைய படத்தை மங்கலாகக் காட்டி, பொம்மையை எவ்வளவு நகர்த்தினோம் என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற செயலிகள் இருக்கின்றன. ஒளி அளவையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு, ஸ்டாண்டைத் தரையோடு ஒட்டிவிட்டால், அப்புறம் மேசையை யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி.

இனிமேல்தான் கலை ஆரம்பமாகிறது. வலையை ஒரு முறை இழுக்க இரண்டு வினாடி என்று கொண்டால், அதற்கு 24 நிலைகள். பயிலாதவர் கையை மட்டும் 24 பங்காக்கிப் பின்னுக்கு நகர்த்துவார். திரையில் அது காற்றடைத்த பையை இழுப்பதாகத் தோன்றும். கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான். இழுப்பதற்கு முன்னால் உடம்பு வலையின் பக்கம் முன்னே சாய்கிறது என்பதும், இடக்கால் படகின் உள்விளிம்பில் ஊன்றுகிறது என்பதும், பின்பு முதலில் இடுப்பும் அதைத் தொடர்ந்து தோளும் கடைசியாகவே கையும் பின்னே வருகின்றன என்பதும் அவன் கண்ணில் பதிந்திருக்கும். முதல் ஐந்து நிலைகளில் பொம்மை கிட்டத்தட்ட அசையவே கூடாது. கயிறு மட்டும் விறைக்கவேண்டும். நடுவிலுள்ள நிலைகளில் விரைந்து, கடைசி நாலைந்தில் மறுபடி தயங்கி நிற்கவேண்டும். இரண்டாமவன் அரை வினாடி பிந்தித் தொடங்கவேண்டும். இருவரும் ஒரே கணத்தில் இழுத்தால் எந்திரம்போல் இருக்கும். அந்தத் தயக்கத்தில்தான் வலையின் கனம் இருக்கிறது. லண்டனிலோ மும்பையிலோ பயின்ற கலைஞன் வீடியோவை நூறு தடவை பார்த்துக் கற்கவேண்டிய இந்த விஷயம், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சொத்து.

காமிரா போகாத இடம்

வலை இழுப்பதை நிஜக் காமிராவாலேயே எடுத்துவிடலாமே, பொம்மை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சி நடத்திய கொடுமையில் குடும்பத்தை இழந்த ரித்தி பான் என்ற இயக்குநர், அந்த நாட்களைப் படமாக எடுக்க நினைத்தபோது, அவற்றைக் காட்டும் உண்மையான பதிவு எதுவும் கிடைக்கவில்லை. ஆட்சியாளர் தமக்குச் சாதகமாக எடுத்த பிரசாரப் படங்களே எஞ்சியிருந்தன. அவர் களிமண்ணால் சிறு சிறு மனிதர்களைச் செய்து வண்ணம் தீட்டி, வயல்களையும் முகாம்களையும் மேசைமேல் அமைத்துத் தம் கதையைச் சொன்னார். அந்தப் பொம்மைகள் அசைவதுகூட இல்லை. 'காணாமற்போன படம்' என்ற பொருள்பட்ட அந்தச் சித்திரம் 2013-இல் கான் விழாவில் ஒரு பிரிவின் முதற்பரிசைப் பெற்றது.

பாக் நீரிணையின் நள்ளிரவிலும் காமிரா கிடையாது. எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகை வளைத்துக்கொள்ளும் நேரத்தில் அங்கே என்ன பேசப்பட்டது, எஞ்சின் எப்போது அணைந்தது, பதினெட்டு வயதுப் பையன் எந்த மூலையில் ஒடுங்கினான் என்பதைத் திரும்பி வந்தவர்களின் வாய்மொழியால்தான் அறிகிறோம். சிறையிலிருந்து ஆள் மீண்டாலும் படகு மீளாத குடும்பங்களின் கணக்கு நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் செய்திப் படம் காட்டியதில்லை. எதிர்க்கரையில், எங்கள் வலையை உங்கள் இழுவலை அறுத்துக்கொண்டு போகிறது என்று வட இலங்கைத் தமிழ் மீனவர் படும் துயரமும் அதே கடலைச் சேர்ந்ததே. நேர்மையான படம் அவர் வள்ளத்தையும் இந்த மேசையில் மிதக்கவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையைச் சூறையாடிய இரவையும் எவரும் வெளியே நின்று படம் எடுத்திருக்க முடியாது. இவையெல்லாம் நடந்தவை, பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், படம் மட்டும் இல்லை. பொம்மைகள் அந்த இடத்துக்குப் போகலாம். உயிருள்ள நடிகனை வைத்து எடுத்தால் அழுகையும் ஆர்ப்பாட்டமுமாக முடிந்துவிடக்கூடிய கதையை, ஐந்தரை அங்குல மனிதன் தலையைச் சற்றே திருப்பி நமக்குச் சொல்லிவிடுவான்.

காலமும் அனுகூலமாக இருக்கிறது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை; பள்ளிகளின் கோடை விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்குகிறது. இரண்டு நிமிஷப் படத்துக்கு வினாடிக்கு 12 வீதம் 1,440 நிலைகள். நாளொன்றுக்கு 50 நிலைகள் எடுத்தால் 29 நாளில் முடிந்துவிடும். மீதி 32 நாட்கள் படகும் மனிதரும் கடலும் செய்வதற்கு. செலவோ பலகை, கம்பி, துணி, விளக்கு என்று ஒரு சிறு பள்ளி விழாவின் செலவைத் தாண்டாது.

ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் மணமேல்குடியிலும் உள்ள பள்ளித் தலைமையாசிரியர்களையும், விசைப்படகுச் சங்கங்களின் பெரியவர்களையும், ஓவிய ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். வரும் தடைக்காலத்தில் ஜன்னலை அடைத்து இருட்டாக்கக்கூடிய ஓர் அறையையும், ஆடாத மேசை ஒன்றையும் இரண்டு மாதத்துக்குப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். படகு செய்யும் தச்சர் ஒருவரை வாரத்துக்கு ஒரு மாலை வந்து பார்க்கச் சொல்லுங்கள். என்ன கதை எடுப்பது என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வீட்டில் தாத்தாவையும் அப்பாவையும் அம்மாவையும் கேட்டு அவர்களே கொண்டுவருவார்கள். எடுத்த படத்தை ஊர்த் திடலில் ஒரு வெள்ளைத் துணி கட்டி முதலில் ஊருக்கே காட்டுங்கள். மற்ற ஊர்களுக்கு அப்புறம் அனுப்பலாம்.